அம்மாவுக்கு ஏது ஞாயிறு?

சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? புனித தோமையார் கல்லறை மீது 1896-ல் புதிதாக எழுந்த வெள்ளைக் கோயில், பின்னாலேயே கடல். ஆண்கள் வாசலில் நின்று நாட்டு நடப்பைப் பேசுவார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடும். தாய்மார்கள் மட்டும் நடையை எட்டிப் போடுவார்கள். மீன் வாங்க வேண்டும், மசாலா அரைக்க வேண்டுமே!

அந்தப் பேட்டையில் வசிக்கும் என் சிநேகிதி சொன்னாள்: "ஆறு நாளும் ஒரு பங்கு வேலை. ஏழாம் நாள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். அதனால் இரண்டு பங்கு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு ஓய்வு லேசில் கிடைத்ததல்ல. கி.பி. 321-ல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்கக் கட்டளையிட்டார். பயிர் காத்திராது என்று உழவருக்கு மட்டும் விலக்கு. நம் தேசத்தில், நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் போராடி, 1890-ல் பம்பாய் மில் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தார். மறு வருஷம் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளியின் ஞாயிறு ஓய்வு பறிக்கக் கூடாத உரிமை என்று உலகுக்கே எழுதினார். சோம்பிக் கிடப்பதற்கல்ல, கடவுளை நினைப்பதற்கான ஓய்வு அது என்றும் விளக்கினார்.

மில்லுக்கு விடுமுறை கிடைத்தது. அடுப்புக்கு?

வேதத்தில் ஓய்வு நாள் கட்டளையைப் படித்துப் பாருங்கள். நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் ஊரில் தங்கிய அந்நியன் என்று அத்தனை பேருக்கும் ஓய்வு உண்டு. மனைவியை மட்டும் தனியாகச் சொல்லவில்லை! 'நீ' என்றதிலேயே அவளும் அடக்கம் என்பார்கள் பெரியவர்கள். சரிதான். ஆனால் எத்தனை வீடுகளில் அப்படி அர்த்தம் செய்துகொள்கிறார்கள்? 1983-ல் வந்த திருச்சபைச் சட்டமும், பூசை காண்பதோடு மனத்துக்கும் உடலுக்கும் உரிய ஓய்வு வேண்டும் என்கிறது. ஆண்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சிநேகிதி ஒரு நாள் துணிந்துவிட்டாள். அந்த ஞாயிறு அவள் கணவர் மீன் வாங்கி வந்தார், மகன் சமைத்தான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கும் விடுமுறை. குழம்பில் உப்பு சற்றுத் தூக்கல்தான். அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. அவள் செய்ததென்ன தெரியுமா? கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம்.

"சாந்தோமுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. உட்கார்ந்து கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான்" என்றாள்.

நீங்கள் எந்த மதத்தவரானாலும் சரி, சகோதரிகளே, வரும் ஞாயிறு உங்கள் வீட்டில் யார் சமையல்?