பெயர் அவளுக்கு, பேச்சு யாருக்கு?

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் குமரி மாவட்டம். இதைச் சொல்லி வெளியூர் நண்பர்கள் நம்மைப் பாராட்டுவதுண்டு. "உங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன குறை?" என்று கேட்பதும் உண்டு. குறை படிப்பில் இல்லை. படித்த பெண்ணின் வாழ்வைப் பற்றிய முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பெண்கள் தாமே கூடி, தாமே பேசி, தாமே முடிவு செய்யும் அமைப்புகள் இல்லாத வரையில் சொத்தும் பதவியும் அவர்கள் பெயரில் இருக்கும். அதிகாரம் வேறு கையில் இருக்கும். இதுவே என் கருத்து. வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில், முதலில் நம் மண்ணிலிருந்தே சான்று காட்ட விரும்புகிறேன்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் மருமக்கள் வழி வழக்கத்தில் இருந்தது. குடும்பச் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. தாய் வழியில், மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். பெண் வழியே சொத்து இறங்குகிறது என்றால் பெண் அரசியாக அல்லவா வாழ்ந்திருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. வழி பெண்ணுடையது, சாவி காரணவரின் மடியில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் இந்தக் கொடுமையை நகைச்சுவையோடு காட்டினார். அதில் கதை சொல்பவள் யார்? ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி! நூல் நெடுகச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. கொல்லம் ஆண்டு 1101 இல் (1925-26) திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கென்று தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் வழியை மாற்றியது. சாவி பெண்ணின் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

இதே மாவட்டத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். சந்தையிலும் தெருவிலும் ஆடை கிழிக்கப்பட்ட போதும் அவர்கள் பின்வாங்கவில்லை. 1859 ஜூலை 26 அன்று அரசர் உரிமையை அறிவித்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

அந்தப் போராட்டத்தின் பக்கத்திலேயே சத்தமில்லாமல் நடந்த ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. 1819 இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னும் தொழிலும் தொடங்கினார். அடிமைகளாக இருந்த சிறுமியர் சிலர் தாம் பின்னிய லேசின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855 இல். அதற்கு முன்பே, ஓர் ஊசியும் நூலும் சேர்ந்து அமர ஓர் இடமும் கிடைத்தவுடன், இந்தப் பெண்கள் அரசை முந்திக்கொண்டார்கள்!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த லேசை எங்கே விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதைப் பின்னிய பெண்கள் முடிவு செய்யவில்லை. வருமானம் வந்தது, ஆட்சி வரவில்லை. அந்த மூன்றாவது படி, சொந்த முடிவு என்னும் படி, மிச்சமாகவே நின்றது.

அந்தப் படியில் கால் வைத்த பெண்களைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானமும் அவருடைய தோழியரும் 2004 இல் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை அமைத்தார்கள். மணவிலக்கு, வரதட்சணை, அடி உதை என்று எந்த வழக்கானாலும் ஆண்கள் மட்டுமே அமர்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தில், பாதிக்கப்பட்ட பெண் உள்ளே வந்து தன் பக்கத்தைச் சொல்லவும் வழியில்லாதிருந்தது. "எங்கள் வழக்கை எங்கள் வாயால் சொல்வோம்" என்பதே அவர்களுடைய கோரிக்கையின் சாரம். இது மதத்தை விட்டு விலகியதன்று. மதத்திற்குள் நின்றே தமக்கு ஓர் இடம் கேட்டது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் சம்புரு இனப் பெண்கள் பதினைந்து பேர் 1990 இல் 'உமோஜா' என்ற ஊரையே உண்டாக்கினார்கள். சுவாகிலி மொழியில் அதற்கு 'ஒற்றுமை' என்று பொருள். வன்கொடுமைக்கு ஆளானதற்காகவே வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ரெபெக்கா லோலோசோலி தலைமையில் பாசிமணி கோத்து விற்றுப் பிழைத்தார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அங்கே ஆண்கள் வந்து போகலாம், குடியிருக்க முடியாது.

"அப்படியானால் நாமும் ஆண்களை ஒதுக்கித் தனி ஊர் கட்ட வேண்டுமா?" என்று மாணவ நண்பர்கள் கேட்கக் கூடும். வேண்டியதில்லை. தந்தையரும் உடன்பிறந்தோரும் நம்மோடுதான் வாழ்கிறார்கள். தனி ஊர் கேட்கவில்லை. ஊருக்குள்ளே ஓர் இடம் கேட்கிறேன். பெண்களின் கூட்டத்தை நடத்தும் உரிமை பெண்களுக்கே இருக்கட்டும் என்கிறேன்.

இன்று நமக்கு அதற்கான வாய்ப்பு இல்லாமலில்லை. 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று குமரியின் கடற்கரையிலும் மலையோரத்திலும் உள்ளன. ஊக்குநர் உண்டு, தீர்மான நோட்டு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. ஆனால் பல குழுக்களில் கூட்டம் என்றால் தவணை வசூல் என்றாகிவிட்டது. பெண்கள் கையெழுத்திட்டு வாங்கிய கடனைச் செலவழிப்பது வீட்டு ஆண்கள். அடைப்பது மட்டும் பெண்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016 இல் சட்டம் வந்தது. ஆயினும் தலைவி கையெழுத்திட, 'தலைவரின் கணவர்' கூட்டம் நடத்தும் காட்சி இன்னும் மறையவில்லை. காரணவர் போய்விட்டார் என்று நினைத்தோம். சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்!

பிறரைக் குறை கூறிவிட்டு நாம் சும்மா இருப்பது முறையன்று. நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். இரண்டாம் ஆண்டில் திருமணம் பேசி முடித்து, மூன்றாம் ஆண்டுக்கு வராமலே போகும் தோழியர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் சில வாரம் வாசிக்கப்படும், பிறகு அடிக்கப்படும். அவளுக்காகப் பேசச் சென்றவர் யார்? ஒருத்தி தனியாகச் சென்றால், "உன் வேலையைப் பார்" என்பார்கள். மன்றத்தின் பெயரால் பத்துப் பேர் ஒரு பேராசிரியையோடு சென்று, "தேர்வு முடியட்டும், பிறகு திருமணம் வையுங்கள்" என்று கேட்டால், எந்தத் தந்தையும் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பட்டம் காப்பாற்றப்படலாம்.

ஆகவே மாணவியர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம், அது கூட ஓர் அறை, அது கணக்கு வைக்கும் ஒரு சிறு நிதி ஆகிய மூன்றையும் நம் கல்லூரி நிர்வாகத்திடம் கேட்போம். பேராசிரியப் பெருமக்கள் ஆலோசனை கூறட்டும். தீர்மானத்தை நாங்கள் எழுதுகிறோம். தவறு செய்தால் அடுத்த கூட்டத்தில் நாங்களே திருத்திக்கொள்கிறோம். லேஸ் பின்னிய அந்தச் சிறுமியருக்குக் கிடைத்தது ஓர் ஊசியும் உட்கார ஓர் இடமும்தான். நமக்கு எழுத்தும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இனியும் பெயரை மட்டும் நாம் வைத்துக்கொண்டு, பேச்சைப் பிறரிடம் விட்டுவைப்பது நியாயமா?