மதில் உயர்ந்தது, அச்சம் தணிந்ததா?

நெல்லியடிச் சந்தியிலிருந்து எந்த ஒழுங்கையிற் சென்றாலும் ஒரு மாற்றம் கண்ணிற்படும். கிடுகு வேலிகள் அருகி மதில்கள் எழுந்துள்ளன. தலைக்கு மேல் உயர்ந்த மதில். அதன்மேற் கண்ணாடித் துண்டுகள். முன்னே இரும்புப் படலை. உள்ளே, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, தன்னந்தனியே ஒரு மூதாட்டி. பொழுது சாயக் கதவடைத்து, நாய் குரைத்தால் நெஞ்சு பதைத்து, விடியும்வரை விழித்திருப்போர் எத்தனை பேர்! காவலுக்கென எழுந்த மதில் அவர்தம் அச்சத்தைத் தணித்ததா?

அவ்வச்சம் வெறுங் கற்பனை என்று நாம் கூறோம். 2011 ஆகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பீதி நாட்டின் பல பாகங்களிலும் பரவியபோது, யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்கள் இரவில் வீதிக்கு வந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். பின்வந்த ஆண்டுகளில் வாள்வெட்டுக் குழுக்கள் குடாநாட்டின் உறக்கத்தைக் கெடுத்தன. நோய் மெய்யானதே. மருந்து பொருத்தமானதா என்பதே எமது வினா.

மதில் கள்வனைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. ஏறிக் குதித்துவிட்ட கள்வனை வீதியார் கண்ணினின்றும் மறைப்பதும் அதே மதில்தான். கிடுகு வேலி பார்வையை மறைத்தது, ஓசையை மறைத்ததில்லை. ஒரு கூக்குரல் நான்கு வளவுகளுக்குக் கேட்கும். வேலிப் பொட்டால் அயலார் ஓடிவருவர். தெருவின் அமைதியை முதற்கண் காப்போர் அங்கு வாழும் மக்களே, பொலிசார் அதற்கு அடுத்தே என்று ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் எழுதினார். எமது ஒழுங்கைகளுக்கும் அது பொருந்தும்.

எல்லை வேலியால் விளைந்த வழக்குகளை நீதிமன்றங்களிற் கண்ட நாம் பழைமைக்குப் பல்லாண்டு பாட வரவில்லை. அவ்வேலிகள் சாதிக்கும் எல்லையிட்டன என்பதையும் மறவோம். மீண்டும் வேண்டுவது அயலட்டையின் துணை ஒன்றே.

அதற்கு வழி என்ன? முன்மதிலின் மேற்பாதி கம்பியடைப்பாக அமைதல் வேண்டும். அயல் வளவுக்கு இருபுறமும் பூட்டத்தக்க சிறு படலை ஒன்று வைத்தல் வேண்டும். ஓர் அறையின் சாளரமேனும் ஒழுங்கையைப் பார்த்தல் வேண்டும். வளவின் பின்கோடியில் மலசலகூடத்தை வைத்து, நள்ளிரவில் முதியோரை இருளில் நடக்கவிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். அயல் வீட்டில் ஒலிக்கும் மின்மணி ஒன்றுக்கு ஆகுஞ் செலவு, மதிற் செலவில் சிறு துளியே. கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் பிரதேச சபையார் இவற்றை வீடு கட்டுவோருக்கு எடுத்துரைப்பார்களா?

கடல் கடந்து பணம் அனுப்பும் பிள்ளைகளே, மதிலை உயர்த்துமுன் அயல் வீட்டாருடன் பேசுங்கள். விடியுமுன் தோட்டத்துக்கு இறைக்கச் செல்லும் கமக்காரரே, போகும் வழியில் அத்தனி வீட்டின் படலையில் நின்று ஒரு குரல் கொடுங்கள். அந்தக் குரலுக்காகவே அங்கே ஓர் உயிர் விழித்திருக்கின்றது.