நடமாடும் கிளினிக் திரும்பிப் போன பிறகு, பூர்வகுடிப் பெண்ணுக்குத் துணை யார்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் ககாங் பட்டணத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால், செம்பனைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீட்டருக்கு மண் பாதை. அதன் முடிவில் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கிறது கம்போங் பெத்தா. ஜக்கூன் பூர்வகுடி மக்களின் கிராமம். சாதாரணக் காரில் போக முடியாது. 'ஃபோர் வீல்' வண்டி வேண்டும். நவம்பரில் பருவமழை பிடித்துவிட்டால் அதற்கும் உத்தரவாதமில்லை.

இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் சுகாதார அமைச்சின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் போகின்றன. குழந்தைகளை எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சோகையையும் சோதித்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். மழையிலும் சேற்றிலும் இந்தச் சேவையை விடாமல் செய்யும் மிசிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கேள்வி, வண்டி திரும்பிய மறுநாளைப் பற்றியது.

மலேசியாவில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ரோஸ் நிறப் புத்தகம் நினைவிருக்கும். கர்ப்பிணியின் நிலையைப் பார்த்து வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுவார்கள். மஞ்சள் என்றால் மருத்துவமனை மருத்துவர் பார்க்க வேண்டியவர். சிவப்பு என்றால் உடனே சேர்க்க வேண்டியவர். பட்டணத்துப் பெண்ணுக்கு மஞ்சள் ஒட்டினால் கணவர் அரை நாள் லீவு எடுப்பார், கிராப் பிடிப்பார்கள், மாமியார் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். காட்டோரக் கிராமத்துப் பெண்ணுக்கு அதே மஞ்சள் ஒட்டினால் வேறு கணக்கு. வண்டிக்கு யார் பணம் கொடுப்பது? வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு யார் சமைப்பது? தெரியாத ஊரில், தெரியாத வார்டில், துணையில்லாமல் எத்தனை நாள் படுத்திருப்பது?

பிரசவ நாள் நெருங்கும் பெண்களை முன்கூட்டியே அழைத்துவந்து மருத்துவமனைக்கு அருகில் தங்கவைக்கும் இடைத்தங்கல் மையங்கள் நாட்டில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாய் வந்து தங்க, பின்னால் விட்டுவரும் வீட்டுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அதைச் செய்யாமல் பதிவேட்டில் 'வர மறுத்தார்' என்று எழுதிவிடுவது சுலபம். அவர் மறுக்கவில்லை, வர வழியில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்து வழி செய்வதுதான் சமூகப் பணி. அதை ஊசியும் மாத்திரையும் செய்ய முடியாது.

வீட்டு வன்முறை இதைவிடச் சிக்கலானது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் பொது. அரசு மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்டோருக்கான ஒருங்கிணைந்த சேவை இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண்ணும் இருக்கிறது. ஆனால் கிளினிக் நடப்பது பலர் வரிசையில் காத்திருக்கும் இடத்தில். பக்கத்தில் நாத்தனார், எதிரில் கணவரின் அண்ணன். மிசி கையிலிருக்கும் காயத்தைப் பார்த்துக் கேட்டாலும் 'விழுந்துவிட்டேன்' என்ற பதில்தான் வரும். இங்கே மொழி பெரிய தடையல்ல. ஜக்கூன் மக்கள் பேசுவது மலாயோடு நெருங்கிய பேச்சு. தடை, பழக்கமில்லாத முகம். ஒரு மணி நேரத்தில் போய்விடப் போகிற ஒருவரிடம் யார் மனம் திறப்பார்கள்?

ஜொகூரில் இருப்பவர்கள் ஜக்கூன் மட்டுமல்ல. கோத்தா திங்கி பக்கம் நாட்டிலேயே மிகச் சிறிய பூர்வகுடிப் பிரிவுகளில் ஒன்றான கானாக் மக்கள். தெப்ராவ் நீரிணைக் கரையோரம் ஸெலெத்தார் மக்கள். ஸெலெத்தார் கிராமங்கள் ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளுக்குக் கீழேயே இருக்கின்றன. மருத்துவமனைக்குத் தூரம் குறைவு. ஆனாலும் அந்தப் பெண்கள் நண்டும் சிப்பியும் பிடித்த சதுப்புக்காடு சுருங்கச் சுருங்க, சோற்றுத் தட்டும் மாறிவிட்டது. லிங்கியூ நீர்த்தேக்கத்துக்காக நிலம் இழந்த ஜக்கூன் மக்கள், அடோங் குவாவ் உள்ளிட்ட 52 பேர் தொடுத்த வழக்கில் 1997-ல் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு பெற்றார்கள். பணம் வந்தது; காட்டுக் கீரையும் ஆற்று மீனும் திரும்ப வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் சோகை ஏன் தீரவில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

தோட்டத் தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. தோட்ட ஆஸ்பத்திரியும் டிரஸரும் மருத்துவச்சியும் இருந்த காலத்தை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். எந்த வியாதிக்கும் அதே சிவப்புத் தண்ணீர் மருந்துதான் என்று கேலியும் பேசுவார்கள். அது சொர்க்கமல்ல, முதலாளிக்கு வேலைக்கு ஆள் வேண்டுமென்பதற்காக நடந்த ஆஸ்பத்திரி. ஆனால் ஒன்று: மருத்துவச்சி லயத்திலேயே இருந்தார். எந்த வீட்டில் குடி அதிகம், எந்தப் பெண்ணுக்குப் போன பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டது என்பது அவருக்குத் தெரியும். நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இழந்தவற்றில் அந்தக் கதவும் ஒன்று.

பூர்வகுடி மக்களுக்கும் ஒரு காலத்தில் அப்படியொன்று இருந்தது. அவசரகாலத்தில் தொடங்கப்பட்ட கோம்பாக் பூர்வகுடி மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கலாம். ஊழியர்களில் பலர் பூர்வகுடியினரே. அங்கே பயிற்சி பெற்றவர்கள் கிராமங்களுக்கும் போனார்கள். 2012-ல் மருத்துவப் பொறுப்பு பூர்வகுடி மேம்பாட்டு இலாகாவிடமிருந்து சுகாதார அமைச்சுக்கு மாறியது. நிபுணர்களும் கருவிகளும் பெரிய அமைச்சிடம் இருக்கின்றன என்பதால் மாற்றத்தில் நியாயம் உண்டு. ஆனால் தம் மக்களைத் தாமே கவனித்த அந்தப் பழைய வரிசை அதற்கு ஈடாக வளரவில்லை. 2019-ல் கிளந்தான் கோலா கோ கிராமத்தில் தட்டம்மை பரவி பாத்தேக் மக்கள் பலர் மாண்டபோது, முதலில் அது மர்மச் சாவு என்றே பேசப்பட்டது. கிராமத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருந்தால் மர்மம் அவ்வளவு நாள் நீடித்திருக்குமா?

தமிழ்நாட்டில், நீலகிரி கூடலூரில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் குடியேறிய அதே மலைப்பகுதி. அங்கே பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசிகளுக்காக 1980களின் பிற்பகுதியில் கிராமச் சுகாதார வேலை தொடங்கியது. 1990-ல் அஷ்வினி அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அங்கே வெளியூர் மருத்துவர்களோடு வேலை நிற்கவில்லை. ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றினார்கள். கர்ப்பிணி மருத்துவமனைக்கு வர அஞ்சினால், வீட்டுக்குப் போய்ப் பேசுபவர் அவளுடைய சொந்தக்காரியாகவே இருப்பார். ஆஸ்திரேலியாவில் 1971-ல் சிட்னி ரெட்ஃபெர்னில் பூர்வகுடியினர் தாங்களே நடத்தும் மருத்துவச் சேவையைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான்.

ஜொகூருக்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். குழுவோடு ஒரு மருத்துவ சமூகப் பணி அதிகாரியும் பயணம் செய்து, ஒரு பெண்ணோடு தனியாகப் பேச ஒரு மறைவிடமும் நேரமும் கிடைத்தால் பாதி வேலை நடக்கும். மீதிப் பாதி, கிராமத்துப் பெண் ஒருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும். சம்பளம் என்ற சொல் முக்கியம். தொண்டூழியம் என்று சொல்லி ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்குவது பழைய வழக்கம். பிறப்புப் பதிவையும் அவர் கையில் கொடுக்கலாம். பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் பதியாவிட்டால் பின்னால் என்ன அலைச்சல் என்பதைச் சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்த தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமூகப் பணியாளர்களின் தகுதியை வரையறுக்கும் தனிச்சட்டம் பற்றி 2010-லிருந்தே பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு தலைநகரில் நடக்கும்போதே, பெத்தா பாதையில் ஆண்டுதோறும் பருவமழை வந்து போகிறது. நவம்பருக்குள் எந்தக் கிராமத்தில் யாருக்கு மஞ்சள் ஒட்டியிருக்கிறது, அவர் மழைக்கு முன் எங்கே தங்குவார், அவருடைய பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்ற ஒரு பட்டியலை மாவட்டச் சுகாதார அலுவலகமும் சமூகநல இலாகாவும் சேர்ந்து உட்கார்ந்து தயாரிக்கலாம். அதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.