கடவுளிடம் மட்டும் மன்னிப்பு கேட்டால் போதுமா?

இஸ்ரேலின் டெல் அவீவ் நகரில் அயலோன் நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறது. எந்நேரமும் வாகனங்கள் பறக்கும் சாலை. ஆனால், வருஷத்தில் ஒருநாள் மட்டும் அங்கே குழந்தைகள் ஜாலியாக சைக்கிள் ஓட்டுவார்கள். அன்று பென் குரியன் விமான நிலையம் மூடியிருக்கும். பஸ், ரயில் ஓடாது. உள்ளூர் டி.வி சேனல்களும் ஓய்வில் இருக்கும்.

அதுதான் யோம் கிப்பூர். 'பாவ நிவர்த்தி நாள்' என்று பொருள். செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் இந்த நாள்தான் யூதர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நாள்.

முதல் நாள் சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் இருட்டும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. குளியல், வாசனைத் தைலம், தாம்பத்யம், தோல் செருப்பு எல்லாமே விலக்கு. வெள்ளை உடையில் வருபவர்களின் கால்களில் துணி ஷூவைப் பார்க்கலாம். சிறு குழந்தைகளுக்கு விரதம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால், நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டும். அதுவும் மதச் சட்டம்தான்!

பட்டினியைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. கடவுளுக்குச் செய்த தவறுகளுக்குத்தான் இந்த நாளில் மன்னிப்பு கிடைக்கும். சக மனிதருக்குச் செய்த தவறு என்றால், முதலில் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்கிறது, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' எனும் சட்ட நூல். அதனால், விரதத்துக்கு முந்தைய நாள்களிலேயே பலர் உறவுகளையும் நண்பர்களையும் தேடிப்போய் மன்னிப்பு கேட்கிறார்கள்.

அவர் மறுத்துவிட்டால்? 12-ம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் வழி சொல்லியிருக்கிறார். மூன்று பேரை அழைத்துப்போய் மறுபடியும் கேட்க வேண்டும். அப்படி மூன்று முறை போயும் மசியாவிட்டால், விட்டுவிடலாம். மனதாரக் கேட்பவரை மன்னிக்காமல் கல்மனதோடு இருப்பதும் தவறு என்கிறார். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால், 10 பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் தவறை ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

விரத நாள் முழுக்கப் பிரார்த்தனை. நெஞ்சில் மெல்லத் தட்டியபடி பாவங்களை ஒப்புக்கொள்வார்கள். அதிலும் 'நான்' கிடையாது; 'நாங்கள் தவறு செய்தோம்' என்றுதான் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். இருட்டியதும் ஆட்டுக்கிடாக் கொம்பால் ஆன 'ஷோஃபர்' நீளமாக ஒலிக்கும். அதோடு விரதம் முடிந்தது.

உங்களுக்கும் பேசாமல் விட்ட அண்ணனோ, தோழியோ இருக்கிறார்களா? நாளை 10 பேரோடு கல்லறைக்குப் போவதைவிட, இன்று ஒரு போன் கால் சுலபம்தானே!