வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

தொழிலுக்காக விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவைப்படும்போது எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. கல்யாண வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் போன்ற வேலைகளுக்குச் சாதாரண கம்ப்யூட்டர் போதாது. வேகமான பிராசசர், அதிக ராம், நல்ல கிராபிக்ஸ் கார்டு என்று சேர்த்துக்கொண்டே போனால் பில் 2 லட்சத்தை நெருங்கிவிடும். அந்த நேரத்தில், "மொத்தப் பணம் வேண்டாம் சார், மாதம் 9,000 கொடுங்கள் போதும்" என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

என் உறவுக்காரத் தம்பி ஒருவர் அப்படித்தான் லீசுக்கு எடுத்தார். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். வைகாசியிலும் ஆவணியிலும் இரவு பகலாக வேலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. ஆனால் வாடகை மட்டும் மாதம் தவறாமல் போனது. 3 ஆண்டுக்கு முன் திருப்பித் தரக்கூடாது என்பது ஒப்பந்தம். "பாதியில் கொடுத்தால் டெபாசிட்டும் போகுமாம் அண்ணே" என்று அவர் வந்து நின்ற அன்றுதான் அந்த ஒப்பந்தத்தை நான் படித்தேன். அவரும் அன்றுதான் முழுதாகப் படித்தார்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் விலை 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 9,000 என்றால் 20 மாதத்தில் முழு விலையும் போய்விடுகிறது. 36 மாதத்தில் 3,24,000 ரூபாய். அப்போதும் கம்ப்யூட்டர் உங்களுடையது இல்லை. அதே 1,80,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் 2 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,640 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 2,07,400. கடன் முடிந்ததும் கம்ப்யூட்டர் உங்களுக்கே சொந்தம். விற்றாலும் ஒரு தொகை கிடைக்கும்.

"வாடகை கொடுத்தால் வரி மிச்சம்" என்பார்கள். வாடகை முழுவதையும் செலவாகக் காட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு (வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி). வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டும் சிறு தொழில்காரர்களுக்கோ இரண்டையுமே தனியாகக் கழிக்க முடியாது. ஜி.எஸ்.டி.யும் இரண்டுக்கும் 18 சதவீதமே. ஆகவே வரியை மட்டும் நினைத்து லீசுக்குப் போகாதீர்கள்.

எப்போது வாடகை நல்லது?

விலையை மாத வாடகையால் வகுங்கள். நம் உதாரணத்தில் 20 வருகிறது. அதைவிட மிகக் குறைந்த மாதங்களுக்கே தேவை என்றால் தாராளமாக வாடகைக்கு எடுங்கள். நான்கு மாத ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, அதன்பிறகு வேலை இருக்குமா என்று தெரியாது என்றால் 36,000 ரூபாயோடு வேலை முடிந்துவிடும். இதற்காக 1,80,000 ரூபாயை முடக்க வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். குறைந்தபட்சம் எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும்? ரிப்பேர் ஆனால் யார் செலவு, மாற்றுக் கம்ப்யூட்டர் தருவார்களா? டெபாசிட் எப்போது திரும்பும்? விண்டோஸ் 11 ஓடுமா? (விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய மெஷினைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்!) திருப்பித் தரும்போது உங்கள் ஃபைல்களை பேக்கப் எடுத்துக்கொண்டு, டிரைவை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது அல்லவா?

என் கருத்து இதுதான். ஆண்டு முழுக்க வேலை இருந்தால் வாங்குங்கள். கடனில் வாங்கினாலும் பரவாயில்லை. இரண்டு லட்சத்துக்கு வழி இல்லையென்றால், ஒரு லட்ச ரூபாய் கம்ப்யூட்டரில் தொடங்கி, ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில்தான் அந்தச் சுதந்திரம் உண்டு.