பொறுமையும் பெண்கள் வியாதியும்

நமது நாட்டில் பெண்மக்களுக்கு உபதேசிக்கப்படும் தர்மங்களில் பொறுமையைப்போல் புகழப்பட்டது வேறொன்றும் இல்லை. புருஷன் அடித்தால் பொறுத்துக்கொள்; மாமியார் ஏசினால் பொறுத்துக்கொள்; பெற்ற பிள்ளை செத்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போ; சிறு வயதில் எவனோ செய்த அக்கிரமத்தை வாய்விட்டுச் சொல்லாதே, சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்பவைதான் நமது பெண்கள் படிக்கும் முதல் பாடமாகும். இந்தப் பொறுமையினால்தான் குடும்பங்கள் நிலைத்து நிற்கின்றன என்று ஆண்களும் மேடையேறிப் பெருமை பேசுகின்றார்கள். ஆனால் பொறுத்தவளுடைய சரீரம் என்ன கதியாயிற்று என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. ஆதலால் நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.

எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் தலைவலி, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், இடுப்பு வலி, தீராத அசதி, தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு பெண்கள் காத்திருப்பதைக் காணலாம். இதற்குக் கிராமத்தில் சொல்லப்படும் காரணம் பேய் என்பது. ஜோசியன் சொல்லும் காரணம் கிரகம் என்பது. கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்கள் சொல்லி வந்த காரணம் “இஸ்டீரியா” என்பது. இவற்றுள் மூன்றாவது ஏதோ பெரிய சாஸ்திர வார்த்தை என்று எவரும் பயந்துவிட வேண்டியதில்லை. அது கிரேக்க பாஷையில் கர்ப்பப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததேயாகும். பெண்ணின் கர்ப்பப்பை உடம்புக்குள் அலைந்து திரிவதாகப் பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் நோய்ப் பட்டியலிலிருந்து இந்தப் பெயர் நீங்கியது 1980-ல்தான். ஆகவே கோடாங்கிக்கும் கோட்டுப் போட்டவருக்கும் இவ்விஷயத்தில் நெடுங்காலம் அதிக வித்தியாசமிருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவர் குற்றத்தைப் பேயின் மேல் போட்டார். மற்றவர் கர்ப்பப்பையின் மேல் போட்டார். அவளை வதைத்தவன் யார் என்பதை இருவருமே விசாரிக்கவில்லை.

உண்மையான காரணம்தான் என்ன? மனம் என்பது சரீரத்துக்கு வெளியே திரியும் ஆவியல்ல. அது மூளையின் வேலையேயாகும். பயம் உண்டானால் மூளையின் கட்டளைப்படி சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய ரசங்களைச் சுரக்கின்றன. இருதயம் வேகமாய் அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, ஜீரணம் நின்றுபோகிறது. நாய் துரத்தும்போது ஓடித் தப்புவதற்கு இது மிகவும் உதவியான ஏற்பாடாகும். நாய் போய்விட்டால் உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் துரத்துகிறவன் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன செய்வது? அல்லது பத்து வருஷத்துக்கு முன் நடந்த கொடுமையை யாரிடமும் சொல்லி ஆற முடியாமல், இராத்திரிதோறும் அது கனவில் வந்து நின்றால் என்ன செய்வது? அந்த உடம்பு ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. வருஷக்கணக்கில் அப்படி ஓடும் உடம்பில் இருதயமும் இரத்தக் குழாயும் நோய்த் தடுப்புச் சக்தியும் கெடாமலிருக்குமா?

இது நமது கற்பனையல்ல. 1995-ல் அமெரிக்காவில், மறதி நோய் கண்ட உறவினரை வருஷக்கணக்கில் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அக்கவலையில்லாத வேறு 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவான சிறு காயம் செய்து பார்த்தார்கள். கவலையுள்ளவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 9 நாள் அதிகமாயிற்று. கோவாவில் சுமார் 2,500 பெண்களைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அசதிக்கு இரத்தக் குறைவு காரணமாய்க் காணப்படவில்லை. ஏழ்மையும் மனச்சோர்வும் புருஷனின் பலாத்காரமுமே அதனுடன் சேர்ந்து காணப்பட்டன. அமெரிக்க நர்ஸுகளில் சுமார் 50,000 பேரை 20 வருஷம் கவனித்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், கொடிய அதிர்ச்சிக்கு ஆளாகி அதன் மனக்குறிகள் நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அதிர்ச்சியே காணாதவர்களைவிட மாரடைப்பும் பக்கவாதமும் 100-க்கு 60 பங்கு அதிகமாயிருந்தன.

இவை எல்லாவற்றையும்விட நமது தர்மோபதேசிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிரேமிங்ஹாம் என்னும் அமெரிக்க ஊரில் நடந்துவரும் இருதய ஆராய்ச்சியிலிருந்து 2007-ல் ஒரு முடிவு வெளியாயிற்று. புருஷனோடு தகராறு நேரும்போது வாயை மூடிக்கொள்ளும் பெண்கள், வாய் திறந்து பேசும் பெண்களைவிட, 10 வருஷத்துக்குள் சாகும் அபாயம் நான்கு மடங்கு உடையவர்களாயிருந்தார்கள். வாயை மூடிக்கொள்ளும் ஆண்களிடம் இந்த வித்தியாசம் காணப்படவில்லை. மௌனம் ஒன்றேதான் கொன்றது என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. ஆனாலும் அடக்கமே பெண்ணுக்கு ஆபரணம் என்பவர்கள், அந்த ஆபரணம் கழுத்தை இறுக்கும் கயிறாயிருக்குமோ என்று சற்று யோசிக்க வேண்டாமா?

“அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தொண்ணூறு வயது வாழவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். வாழ்ந்த பாட்டி கண்ணுக்குத் தெரிகிறாள். கிணற்றில் விழுந்தவளும், “பேயறைந்து” செத்தவளும், இளைத்து இளைத்து முப்பதில் மாண்டவளும் யார் கணக்கில் இருக்கிறார்கள்? பிழைத்தவர்களை மாத்திரம் எண்ணிக் கணக்குச் சொல்வது வியாபாரத்திலாவது நாணயமாகுமா?

நிற்க. இதை வைத்துக்கொண்டு, “எல்லாம் மனசுதான், போய்த் தூங்கு” என்று சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுவதும் முதல் மோசத்துக்குக் குறைந்ததல்ல. மனத்தினால் வந்த இரத்த அழுத்தமும் இரத்த அழுத்தமேயாகும். நெஞ்சு வலிக்கிறதென்று ஒரு பெண் சொன்னால் இருதயத்தைச் சோதித்தே தீரவேண்டும். அத்துடன், புருஷனையும் மாமியாரையும் வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, “வீட்டில் உனக்குப் பயமுண்டா?” என்றும் கேட்க வேண்டும். மனநோய்க்கும் வைத்தியமுண்டு, மருந்துமுண்டு. சங்கிலியும் சாட்டையும் வைத்தியமல்ல. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றித் தீயில் மாண்டதை நாடு மறக்கலாகாது.

ஆனால் மருந்து மாத்திரம் போதுமா? 2019–21 வருஷ சர்க்கார் குடும்பநலக் கணக்குப்படி, மணமான பெண்களில் புருஷனின் கொடுமைக்கு ஆளானவர்கள் இந்தியாவில் 100-க்கு 29 பேர்; தமிழ்நாட்டில் 38 பேர். இந்தியாவில் யாராலாவது பலாத்காரம் அடைந்த பெண்களில் 100-க்கு 77 பேர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் வாய் திறக்கவுமில்லை. ஏன்? வாய் திறந்தால் போய் நிற்க இடமில்லை. திருவனந்தபுரம் ஜில்லாவில் விசாரித்து 2005-ல் வெளியிட்ட கணக்கில், சொத்தில்லாத பெண்களில் 100-க்கு 49 பேர் புருஷனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் சொந்தமாயுள்ள பெண்களில் 7 பேர்தான் அடிபட்டிருந்தார்கள். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது குடும்பமே அழிந்துவிடும் என்றார்கள். அது அவள் உயிரைக் காக்கும் மருந்தென்று இன்று கணக்கே பேசுகின்றது. அவ்வுரிமை தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுவதற்கும் 2005-லும் சட்டமாகியும், அண்ணன் தம்பிகளுக்கு “விடுதலை” எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பெண்கள் எத்தனை பேர்?

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தீராத வலியிருந்தால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோங்கள், அதற்கு முன் அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவள் பங்கை அவள் பேரில் எழுதுங்கள். அடி மாத்திரமின்றி, வார்த்தையாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையும் 2005-ம் வருஷச் சட்டப்படி தவறென்பதையும், 181 என்னும் டெலிபோனில் உதவி கேட்கலாமென்பதையும் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். பெண்கள் இத்தனை காலம் பொறுத்தது போதும். இனிப் பொறுமை வேண்டுமானால், அவள் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமையை ஆண்கள் கற்றுக்கொள்ளட்டும்.