போதமலைக்குச் சாலை மட்டும் போதாது

ராசிபுரத்தை ஒட்டிய போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என மூன்று சிற்றூர்கள். மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் விதைத்து வாழும் ஊர்கள். விடுதலைக்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு காலம் நடந்தே ஏறி இறங்கிய இவர்களுக்காக, வடுகத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் சுமார் 31 கிலோமீட்டர் சாலைக்கு அரசு ஏறக்குறைய 140 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனதார வரவேற்கிறேன். ஆனால் தார் ஊற்றியதோடு கடமை தீர்ந்துவிடாது.

அடிவாரத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். மலைப் பிள்ளைகள் சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்கித்தான் படிப்பார்கள். ஊருக்குப் போன வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால், திங்கட்கிழமை அவர்கள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' போட வேண்டியிருக்கும். பிரசவ வலி கண்ட பெண்ணை மூங்கிலில் போர்வையால் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்கி வந்ததையும் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்தபடி முன்னால் வந்தவர், "கல்லு இருக்கு, பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதே ஒற்றையடிப் பாதையில்தான் தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரங்கள் தலைச்சுமையாக ஏறின. வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. நெறி இருந்ததால், பாதை சரியில்லை என்று யாரும் தட்டிக்கழிக்கவில்லை. செவிலியருக்கும் பேருந்துக்கும் அப்படியொரு கட்டாயம் வேண்டும். பள்ளி நேரத்துக்கு ஒரு சிற்றுந்து, மலையிலேயே குடியிருப்போடு ஒரு செவிலியர், அடிவாரத்தில் எந்நேரமும் ஒரு 108 வண்டி. இவற்றைச் சாலைத் திட்டத்தோடு சேர்த்தே அரசாணையாக எழுத வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. நல்ல சாலை விழுந்த மலைகளில் நிலத்தின் விலை என்ன ஆனது, யார் கைக்குப் போனது என்று ஏற்காட்டையும் கொல்லிமலையையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை பழங்குடி நிலத்துக்குத் தரும் காப்பு, தமிழ்நாட்டில் எந்த மலைக்கும் கிடையாது. அதனால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை ஆவணம் கிடைத்ததா என்று கிராமசபையில் பெயர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். தரகர் மலையேறும் முன் அதிகாரிகள் ஏறி அந்தப் பட்டியலை முடிக்கட்டும்.